பேச்சியும் பெருஞ்சாணியும்

போன டிசம்பரில் மகளுக்கு நட்சத்திரம் வாங்க நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் டிசம்பர் மாதம் யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரியும்போது நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் பிள்ளைக்கு முகம் வாடிவிடும். கடைக்காரர் நட்சத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, கேட்காமலே இன்னொரு சாமானையும் காட்டினார். பிளாஸ்டிக் குடில். குகை, மாடு, இடையர்கள், பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு அருவி.

"கரண்டு ரொம்ப வேண்டாம் சார். போன் சார்ஜர்ல குத்துனா போதும். வெள்ளம் விழும் பாருங்க."

குத்திக் காட்டினார். ஈ பறக்கிற சத்தம்போல ஒரு ரீங்காரம். தண்ணீர் விழுந்தது. நான் நட்சத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். ஒரு மோட்டாரை இத்தனை சின்னதாகச் செய்ய முடியும் என்று அந்த வருடம் யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

உண்மையான குடிலுக்கு ஒரு மணம் உண்டு. ஈரப் பாசி, களிமண், வைக்கோல், சூடான சீரியல் பல்பு எல்லாம் சேர்ந்த மணம். கூடவே என் மூக்கில் இன்னொன்றும் ஏறும். அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி வீங்கி அமிலம் கசிந்தால் வருமே, அது. கிறிஸ்துமஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இத்தனை வருடம் வீட்டுக்காரியிடம்கூட முழுசாகச் சொல்லாத கதை, உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நான் தக்கலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பதவியின் பெயர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். எங்கள் குடும்பத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமா, "பய ஆஸ்பத்திரியில டைப் அடிக்கான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டோக்கன், லேப் ரிசல்ட், இரத்த வகை, எந்தக் கட்டிலில் யார் என்பது எல்லாம் சீட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியிருந்த சமயம் அது. அத்தனையும் என் அறையில் இருந்த ஒரே ஒரு சர்வர் பெட்டிக்குள் கிடந்தது. பெட்டி படுத்தால் ஆஸ்பத்திரியே படுக்கும். கவுண்டர் பெண்கள் அத்தனை பேரும் என் கதவைப் பார்ப்பார்கள். நிம்மதியாக ஒரு சாயா குடிக்க வழியில்லை.

கரண்ட் கட் தலைவிரித்து ஆடிய வருடங்கள் வேறு. அதனால்தான் இரண்டாவது பெட்டி கேட்டேன். ஒன்று விழுந்தால் மற்றது தானாக எழுந்து அதே வேலையைத் தொடர வேண்டும். வெளியே இருக்கிற யாருக்கும் எது விழுந்தது, எது எழுந்தது என்பதே தெரியக்கூடாது. இதற்கு கிளஸ்டர் என்று பெயர். நிர்வாகி ஐயா மேசைக்கு முன்னால் நின்று, "இனி நிக்கவே நிக்காது சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன எதுவும் என் வாழ்க்கையில் உருப்பட்டதில்லை.

அந்த வேலையை என்னோடு சேர்ந்து செய்தவன் சிலுவைதாசன். ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன், என் வயதுதான். குளச்சலுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா, அண்ணன், மச்சான் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். தாசனுக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி. "எங்க கடக்கரையிலயே கடல் ஒத்துக்கிடாத ஒரே ஆளு நானாக்கும்" என்று தானே சொல்லிச் சிரிப்பான். அதனால்தான் ஒயர் பிடிக்கப் போனானாம். போட்ட ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை டேப் ஒட்டி, சாய்ந்த எழுத்தில் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி வைப்பான். அந்தச் சுத்தம் எனக்கு வராது.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான். நான் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் போடப் போனேன். "மக்கா, நம்ம வயலுக்கு எங்க இருந்து வெள்ளம் வருகு? ஒரு அணை வத்துனா மத்த அணை தரும்லா? பெரியவளுக்கு பேச்சிப்பாறைன்னு போடு. இவளுக்கு பெருஞ்சாணின்னு போடு." அப்படியே போட்டேன். ஒரே வாரத்தில் நர்ஸுகள்வரை "இண்ணைக்கு பேச்சிக்கு என்ன கோளாறு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு பெட்டிக்கும் தனித்தனி யு.பி.எஸ். நடுவில் ஒரு கேபிள். அந்தக் கேபிள் வழியாக இரண்டு விநாடிக்கு ஒருமுறை பேச்சி, "இருக்கேன்" என்று பெருஞ்சாணிக்குச் சொல்லும். இதைத் தாசனுக்கு விளக்கியபோது அவன் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

"ஒண்ணும் சொல்லாம இருந்தா?"

"பத்து செகண்ட் பாக்கும். பொறவு செத்துட்டுன்னு எடுத்துக்கிடும்."

"பத்து செகண்ட்தானா? பாவம்லா. எங்க ஊர்ல ஒருத்தன் கடல்ல இருந்து வரல்லண்ணா நாலு நாளாவது பாப்பம்."

முதல் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் திரை முன்னால். தாசன் பேச்சியின் பிளக்கைப் பிடித்துக்கொண்டு குத்த வைத்திருந்தான்.

"இழுக்கட்டா?"

"இழு."

"செரிக்கும் இழுக்கட்டா? பொறவு என்னையச் சொல்லப்பிடாது."

"இழுலே!"

இழுத்தான். பேச்சியின் விசிறி ஓய்ந்தது. லேப் திரை அப்படியே உறைந்து நின்றது. எண்ணினேன். பதினாலாவது விநாடியில் ரிசல்ட் வரிசையாக வந்து விழுந்தது. "எடே! செத்தவ எடத்துல மத்தவ ஏறி உக்காந்துட்டாளே!" என்று தாசன் கையைத் தட்டினான். கேன்டீனில் ரசவடையும் மட்டிப்பழமும் தின்றோம். அத்தனை சந்தோஷமாக நான் ரசவடை தின்றது அதற்குப் பிறகு இல்லை.

மாதம் ஒருமுறை இப்படி இழுத்துப் பார்த்து, எத்தனை விநாடி ஆனது என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகி ஐயா உத்தரவு. நாலைந்து மாதம் ஒழுங்காகச் செய்தோம். பிறகு எனக்குப் பெண் நிச்சயமானது. கையில் போனும் காதில் கனவுமாகத் திரிந்தேன். இழுத்துப் பார்க்காமலே 'பதினாலு விநாடி' என்று எழுதினேன். நான் எழுதியதை நம்பித் தாசனும் கீழே கையெழுத்துப் போட்டான்.

நவம்பர் கடைசியில் தாசன் ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் லீவில் போனான். கடற்கரையில் கொடியேறிவிட்டால் அவர்களை வேறு எந்தச் சோலிக்கும் கூப்பிட முடியாது. அந்தப் பத்து நாளில்தான் என் அறையில் முட்டை நாற்றம் வந்தது. பேச்சியின் யு.பி.எஸ். பேட்டரிகள் வீங்கி, பலாக்கொட்டை மாதிரி உப்பியிருந்தன. புதுசு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் நிர்வாகி ஐயா என்ன கேட்பார்? 'போன மாசம் சோதிச்சப்போ நல்லா இருந்துதே' என்பார். என்ன பதில் சொல்ல? பேச்சியின் பிளக்கைப் பிடுங்கி, ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு வைத்து, பெருஞ்சாணியின் யு.பி.எஸ். லைனிலேயே குத்தினேன். கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தாசனிடமும் சொல்லவில்லை.

எல்லாம் இரண்டு இரண்டாக வைத்த ஆள், கடைசியில் இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன்.

ஆஸ்பத்திரி முன்கூடத்தில் வருடா வருடம் குடில் வைப்பது தாசன்தான். அந்த வருடம் அவனுக்கு ஒரு ஆவேசம். "போன வருசம் அருவின்னு ஒண்ணு வச்சேன், கொழாய் ஒழுகுன மாதிரி இருந்து. இந்தத் தடவ திற்பரப்பு அருவி மாதிரி விழணும் மக்கா. புள்ளைய எல்லாம் நின்னு பாக்கணும்." மீன் ஐஸ் கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாக்கில் சிமென்ட் தோய்த்துப் பாறை செய்தான். ஒரு ஆள் உயரத்துக்கு அருவி விழுந்தது. ஓ.பி.க்கு வந்த குழந்தைகள் ஊசியை மறந்து அதன் முன்னால் நின்றன. ஆனால் கரண்ட் போனால் அருவியும் நின்றுவிடும். பிள்ளைகள் "ஐயோ" என்பார்கள். அது தாசனுக்குப் பொறுக்கவில்லை.

என் அறைக்கு வந்தான். நான் நிச்சயித்த பெண்ணோடு போனில் இருந்தேன்.

"மக்கா, பெருஞ்சாணி லைன்ல இருந்து அருவிக்கு ஒரு ஒயர் இழுக்கட்டா? பேச்சி லைனத் தொடமாட்டேன். வல்லதும் கோளாறு ஆனாலும் பேச்சி நிப்பாள்லா?"

அவன் எவ்வளவு யோசித்துக் கேட்டிருக்கிறான் பாருங்கள். நான் சொல்லிக் கொடுத்ததை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் அவன். 'பேச்சியும் அங்கதாம்லே கெடக்கா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தாளில் எழுதிய பொய்யையும் சொல்ல வேண்டிவரும். போனை மறைத்துக்கொண்டு, "போடு, போடு" என்று கையைக் காட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. காலை பதினொரு மணி. ஓ.பி.யில் நல்ல கூட்டம். மாடியில் நர்ஸுகள் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போனது. ஜெனரேட்டரைக் கிளப்பத் தாசன் ஓடுகிற சத்தம் கேட்டது. எப்போதும் அந்த அரை நிமிடத்தை யு.பி.எஸ். தாங்கும். அன்று இரண்டு பெட்டிகளோடு திற்பரப்பையும் அது தாங்க வேண்டியிருந்தது. யு.பி.எஸ். நீளமாக ஒருமுறை அலறியது. பிறகு இரண்டு விசிறிகளும் ஒன்றாக ஓய்ந்தன. அந்த அறையை அத்தனை அமைதியாக நான் கண்டதே இல்லை.

கரண்ட் வந்த பிறகும் துன்பம் தீரவில்லை. இரண்டு பெட்டியும் எழுந்து, இரண்டும் தான்தான் மூத்தவள் என்று நின்றன. எதன் கணக்கு சரி என்று பார்த்துச் சேர்த்து முடிக்க மத்தியானம் இரண்டு மணி ஆனது. அதற்குள் பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் தேவைப்பட்டது. இரத்த வகை பெட்டிக்குள் கிடந்தது. மறுபடி இரத்தம் எடுத்து, மறுபடி சோதித்து, நாற்பது நிமிடம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், தெய்வம் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா முன்கூடத்தில் குடிலுக்கு முன்னால் நின்று, வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு கத்தினார்.

"எம்பிள்ள உள்ள கெடந்து துடிக்கா. நீங்க இஞ்ச வெள்ளம் விட்டு வெளையாடுதியளா?"

ஜெனரேட்டர் வந்ததால் அருவி அப்போது அழகாக விழுந்துகொண்டிருந்தது. தாசன் போய் அதை நிறுத்தினான்.

மறுநாள் நிர்வாகி ஐயா அறையில் இருவரும் நின்றோம். "ரெண்டு மிசின் இருக்குன்னுதானே சொன்னீங்க? ரெண்டும் எப்பிடி ஒண்ணா விழுந்துது?" என்று என்னைக் கேட்டார்.

"லோடு கூடிப் போச்சு சார்."

பொய்யில்லை. பொய்யைவிட மோசம். அவர் தாசன் பக்கம் திரும்பினார். "ஆருட்ட கேட்டுட்டு நீ ஒயர் போட்ட?"

தாசன் என்னைப் பார்த்தான். நான் மேசையில் தாளுக்குப் பாரம் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூ இருந்தது. அதற்கு ஐந்து இதழ் என்று இப்போதும் நினைவிருக்கிறது.

"ஆருட்டயும் கேக்கல்ல சார். நானாத்தான் போட்டேன்" என்றான் தாசன்.

அன்றோடு அவன் வேலை போனது. படியிறங்கும்போது "தாசா" என்று கூப்பிட்டேன். அவன்தான் பேசினான். "விடு மக்கா. தை மாசம் கல்யாணம் வச்சிருக்க. பெண்ணு வீட்டுல என்ன சொல்லுவ? எனக்குக் கையில தொழில் இருக்குல்லா." அவனுக்கும் வீடு இருந்தது. செலின் என்று மனைவி, இரண்டு வயதில் ஒரு மகள்.

கிறிஸ்துமஸ் கழிந்து நான் என் அறையைத் திறந்தேன். என் எக்ஸ்டென்ஷன் போர்டில் பேச்சியின் பிளக் இல்லை. சுவரில் புதிதாக ஒரு சாக்கெட். ஆபரேஷன் தியேட்டரின் யு.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக ஒயர் இழுத்து, கிளிப் அடித்து, வளைவுகூட நேராக வளைத்திருந்தது. மேலே வெள்ளை டேப். சாய்ந்த எழுத்து. 'பேச்சி - தனி லைன்.' சாவியை ஒப்படைக்க வந்த அன்றைக்கு வாட்ச்மேனிடம் கேட்டு உள்ளே போயிருக்கிறான். போர்டைப் பார்த்திருக்கிறான். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். தக்கலையிலிருந்து அவன் ஊருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பொங்கல் கழியட்டும் என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றேன். அதற்குள் அவன் கல்ஃபுக்குப் போய்விட்டான். எனக்கு மனம் இலேசானது. வெட்கக்கேடு, ஆனால் இலேசானதுதான்.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. சாயங்காலம் என் போன் இரண்டு அடி அடித்து நிற்கும். கல்ஃபில் ஆள் இருக்கிற வீட்டாருக்கு இது புரியும். எடுக்கக் கூடாது, எடுத்தால் அவன் வீட்டோடு பேசுவதற்கு வைத்திருக்கும் காசு குறைந்துவிடும். இரண்டு அடி அடித்தால் நான் சுகம் என்று அர்த்தம். நானும் இரண்டு அடி அடித்து நிறுத்துவேன். அந்தப் பக்கம் தாசன், இந்தப் பக்கம் நான். 'இருக்கேன்.' 'இருக்கேன்.'

சில வெள்ளிக்கிழமைகளில் இரண்டு அடியோடு நிற்காது. முழுசாக அடிக்கும். மேசையில் போன் நடுங்கி நடுங்கி நகரும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"ஆரு? எடுக்கப்பிடாதா?" என்பாள் வீட்டுக்காரி.

"மிஸ்டு கால்."

"இவ்வளவு நேரமா அடிக்கும் மிஸ்டு காலு?"

"கல்ஃபு நெட்வொர்க் அப்பிடித்தான்" என்பேன். அவளிடம் மட்டும் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருடம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த அடி வரவில்லை. சிம் மாற்றியிருப்பான் என்றேன். அடுத்த வாரமும் வரவில்லை. லீவில் வந்திருப்பான், அவனே கூப்பிடட்டும் என்றேன். பத்து விநாடி மௌனத்துக்கு மேல் பொறுக்காத இயந்திரத்தைச் செய்து வைத்தவன், ஐந்து வெள்ளிக்கிழமை பொறுத்தேன். ஆறாவது வாரம் அவன் ஊர்க்கார நர்ஸ் ஒருத்தி வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள். "நம்ம தாசண்ணன் போயிட்டாவ சார். படுத்தவிய எழும்பல்லியாம். பெட்டி வந்து, அடக்கமும் முடிஞ்சு பத்து நாளாச்சு. ஒங்களுக்குத் தெரியும்னுலா நெனச்சேன்."

அன்றைக்குத்தான் அந்தப் பஸ்ஸில் ஏறினேன். செலின் நாற்காலி எடுத்துப் போட்டாள். சுவரில் தாசன் படம், மாலையோடு. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பேட்டரி வீங்கியதிலிருந்து கண்ணாடிக் குண்டுவரை எல்லாவற்றையும் சொன்னேன். செலின் முழுவதும் கேட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அவிய அண்ணைக்கே சொன்னாவ சார். ஒயரப் பாத்ததும் தெரிஞ்சிட்டாம். நீரு போயி கேக்கப்பிடாதாண்ணு நான் சண்ட போட்டேன். அவன் வாயால சொல்லட்டு, நாம கேட்டா அது நல்லாயிருக்காதுன்னாவ." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்காகத்தான் சார் வெள்ளிக்கெழம தோறும் ஒங்களுக்கு அடிச்சது. எடுப்பிய, எடுப்பியன்னு பாத்துட்டே இருப்பாவளாம்."

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் என் அறை மருந்துப் பெட்டி அடுக்குகிற இடம். எல்லாக் கணக்கும் எங்கோ வெளியூர் இயந்திரங்களில் இருக்கிறது. நின்றால் கவுண்டர் பெண் "நெட் இல்ல, இருங்க" என்கிறாள், சனமும் இருக்கிறது. பேச்சியையும் பெருஞ்சாணியையும் ஒரே குட்டியானை வண்டியில் ஏற்றிப் பழைய சாமானுக்குக் கொண்டு போனார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். முன்கூடத்தில் குடில் இப்போதும் உண்டு, அருவி கிடையாது. மிஸ்டு காலும் போய்விட்டது. கல்ஃபில் இருப்பவன் இப்போது முகத்தைக் காட்டி மணிக்கணக்காகப் பேசுகிறான். இரண்டு அடிக்கு என்ன அர்த்தம் என்று என் மகளுக்குத் தெரியாது.

தாசனுக்கு ஒன்றும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கி, "சொல்லு தாசா" என்று ஒரு வெள்ளிக்கிழமை நான் சொல்லியிருந்தால் போதும்.